மூன்று நிமிஷ மரியாதை

காலை ஒன்பதரைக்கு ஞானசேகர் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, பாலிஷ் போட்ட பூட்ஸோடு கண்டனூர்த் தெருவில் நடப்பதைப் பார்த்தால், ஏதோ பெரிய ஆபீஸுக்குப் போகிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவன் போனதோ ஆளில்லாத ஒரு வீட்டுக்கு. அங்கே மானேஜர் கிடையாது, பக்கத்து நாற்காலிக்காரன் கிடையாது, பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது. ஒரு டைப்ரைட்டர், ஒரு கறுப்பு டெலிபோன், விட்டத்தில் நாலைந்து புறா, அவ்வளவுதான்.

"பூட்ஸ் எதுக்குப் போடுறீக? புறா பாக்கவா?" என்று அவன் மனைவி சூசைமேரி கேட்டாள்.

பூட்ஸ் போடாவிட்டால் தனக்கு இங்கிலீஷ் வரமாட்டேன் என்கிறது என்றான். பொய்யில்லை. ஒருநாள் வெறுங்காலோடு உட்கார்ந்து பார்த்தான். 'டியர் சார்' என்று அடித்ததோடு விரல் நின்றுவிட்டது.

இந்தக் கூத்து ஆரம்பித்தது 1971-இல். ஞானசேகர் மெட்ராஸில் முத்தப்பச் செட்டியாரின் மிளகாய் வற்றல் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சூசைமேரிக்குக் கண்டனூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அவளுக்கு மாற்றல் கிடைக்கவில்லை, இவனுக்கு மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் பிறந்து நாலு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, குழந்தை இவனைப் பார்த்து வீறிட்டு அழுதது. திரும்பி வந்தவன் நேரே செட்டியார் முன்னால் போய் நின்றான்.

"முதலாளி, கண்டனூர்ல உங்க வீடு சும்மாத்தானே பூட்டிக் கெடக்கு. டெலிபோன் இருக்கு. தினம் காலையில பத்து மணிக்கு டிரங்க் கால் போட்டு நீங்க விஷயத்தைச் சொல்லுங்க. நான் இங்கிலீஷுல அடிச்சுச் சாயங்காலத் தபால்ல சேத்துருறேன்."

செட்டியார் யோசித்தார். வருஷத்தில் முந்நூறு நாள் புறாவுக்காக டெலிபோன் வாடகை கட்டுகிறோமே என்ற எரிச்சல் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. சரி என்றுவிட்டார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. நல்லதும் இருந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடுசோறு சாப்பிடலாம். குழந்தை இவன் குரல் கேட்டால் தவழ்ந்து வரும். கெட்டதும் இருந்தது. பட்டப்பகலில் வீட்டுக்கு வருகிற மருமகனைப் பார்த்த மாமியார் அருளம்மாள், வேலை போய்விட்டது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறான் என்று முடிவு கட்டி, வாராவாரம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். சம்பள மணியார்டரைக் காட்டியும் அவள் நம்பவில்லை. பாவம், கடன் வாங்கித் தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு உயிர்நாடி டைப்ரைட்டரும் இல்லை, டெலிபோனும் இல்லை. எக்சேஞ்ச் ஆபரேட்டர் அல்லாபிச்சை.

மெட்ராஸ் லைன் என்றைக்கும் சுத்தமாக இருந்தது கிடையாது. செட்டியார் பேசினால் ஞானசேகருக்குக் கர்ர் என்று இரைச்சல்தான் கேட்கும். இவன் பேசினால் அவருக்கும் அதே இரைச்சல். நடுவில் உட்கார்ந்திருந்த அல்லாபிச்சைக்கு மட்டும் இருவர் குரலும் கணீரென்று கேட்டன. "முதலாளி என்ன சொல்றாகன்னா..." என்று அங்குட்டுச் சொன்னதை இங்குட்டுச் சொல்வார், இங்குட்டுச் சொன்னதை அங்குட்டுச் சொல்வார். வெளியூர்க் காலுக்கு மூன்று நிமிஷக் கணக்கில்தான் கட்டணம் என்பதால், முடிவில் "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்பார். அவ்வளவு பதவிசான மனிதர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

கடிதங்கள் பிரமாதமாக வந்தன. பினாங்கு வியாபாரிகள் 'உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே மனசு குளிர்கிறது' என்று பதில் போட்டார்கள். செட்டியார் கார்பன் காப்பிகளைப் படித்துப் படித்துப் பூரித்தார். நாம் என்ன சொன்னாலும் இங்கிலீஷில் அடித்தால் மரியாதையாகத்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டார். ஞானசேகரும் பூரித்தான். மெட்ராஸில் மேஜையை ஓங்கிக் குத்துகிற மனிதரை, தூரம் எவ்வளவு பக்குவப்படுத்திவிட்டது என்று.

இந்தப் பூரிப்புதான் வினையாக முடிந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கண்டனூர் வீட்டைத் திறந்து, முந்நூறு பேரோடு வந்து இறங்கிய செட்டியார், முதல் வேலையாக ஞானசேகரைக் கூப்பிட்டார்.

"தூரத்துல இருந்தே இந்தப் போடு போடுறியே, கண்ணுக்கு முன்னால இருந்தா என்னமா அடிப்ப. நாளைக்கு ராத்திரி ரயிலுக்கு உனக்கும் டிக்கெட் சொல்லிட்டேன். என்கூட மெட்ராஸுக்கு வந்துரு."

நன்றாக வேலை பார்த்ததற்கா இந்தத் தண்டனை? குழந்தை அப்போதுதான் 'அப்பா' என்று சொல்லப் பழகியிருந்தது. ஞானசேகர் மறுத்துச் சொல்ல வாய் திறக்குமுன் செட்டியார் அவன் கையில் ஒரு தந்தியைத் திணித்தார். பினாங்கு வியாபாரி ஒருவன் அனுப்பியது. வற்றலில் காரம் இல்லை, இன்றைய தபாலில் ஒழுங்கான பதில் கிளம்பாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது.

"உக்காரு, சொல்றேன். காரம் இல்லையாமா? நாக்கு செத்த பயலே, உன் நாக்கை உப்புத்தாள் வச்சுத் தேய்ன்னு எழுது. பத்து வருஷமாத் தின்ன காரம் இன்னைக்கு எங்க போச்சு, உன் மாமியா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருச்சான்னு கேளு."

ஞானசேகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி அடிப்பவன்தான் டைப்பிஸ்ட் என்பது அவன் கொள்கை. மாமியார் வீட்டு விருந்துக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் கொஞ்ச நேரம் திணறி, அதையும் அடித்து நீட்டினான்.

செட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "என்னய்யா இது?"

"நீங்க சொன்னது முதலாளி."

"நான் எப்பவும் இப்படித்தானே சொல்றேன். நீ அழகா அடிப்பியே?"

"போன்ல நீங்க தங்கமாப் பேசுவீக முதலாளி."

"நானா?" என்றார் செட்டியார்.

இரண்டாவது தடவை சொன்னார், இன்னும் மோசம். மூன்றாவது தடவை வியாபாரியின் தகப்பனாரும் வசவுக்குள் வந்துவிட்டார். செட்டியார் ஞானசேகரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அங்க புள்ளி வைடா கழுதை" என்றார்.

"கழுதைன்னும் அடிக்கவா முதலாளி?" உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். அப்புறம் பொறுமை போய், "ஏதாவது ஒண்ணை ஒழுங்காச் சொல்லித் தொலைங்க" என்றும் சொல்லிவிட்டான்.

நாகஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஞானசேகருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. மெட்ராஸும் போச்சு, கண்டனூரும் போச்சு. மாமியாரின் மெழுகுவத்திக்கு ஒருவழியாக வேலை வந்துவிட்டது.

"போன்ல எதைச் சொன்னாலும் 'உங்க சித்தம் முதலாளி'ம்பியே" என்றார் செட்டியார்.

"நானா?" என்றான் ஞானசேகர்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மெய்யம்மை ஆச்சி, செட்டியாரின் மனைவி, நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு வருஷமா ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மனுசர் உக்காந்திருந்திருக்காரு. அவர் இல்லாம ஒங்களால ஒரு கடுதாசி போட முடியாது. எதிர்வீட்டுலதான் போன் இருக்குல்ல, போங்க."

செட்டியார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இங்கே டெலிபோன் மணி அடித்தது.

"அல்லாபிச்சை பேசுறேன். முதலாளி எதிர்த்தாப்புல இருந்து கூப்பிடுறாக. லைன் பளிங்காட்டம் இருக்கு, நேராவே பேசுறீகளா?"

"வேண்டாம். நீங்களே சொல்லுங்க" என்றான் ஞானசேகர்.

"அவுகளும் அதையேதான் சொன்னாக."

செட்டியார் பேச ஆரம்பித்தார். அவர் குரல் டெலிபோனில் வருவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகவே வந்துவிட்டது. நாக்கு, உப்புத்தாள், மாமியார் வீடு, எல்லாம் கல்யாண வீடு முழுக்கக் கேட்டன. ஞானசேகர் காதைக் கொடுக்காமல் காத்திருந்தான்.

"முதலாளி என்ன சொல்றாகன்னா," என்றார் அல்லாபிச்சை, "தங்கள் தந்தி கண்டு மனம் வருந்தினோம். பத்து வருஷமா எங்க சரக்கை விரும்பி வாங்குற தங்களுக்கு இந்தத் தடவை குறை வந்தது எங்க தப்புதான். அடுத்த கப்பல்ல வாற வத்தலைத் தாங்களே கிள்ளி வாயில வச்சுப் பாத்து எழுதணும்னு கேட்டுக்கிறாக."

விரல்கள் பறந்தன. கடிதம் முடிந்தது. அல்லாபிச்சை பழக்கதோஷத்தில், "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்றார். எதிர்வீட்டுக்கு ஏது மூன்று நிமிஷக் கணக்கு? இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "நீட்டுங்க" என்றார்கள்.

ஞானசேகர் முந்திக்கொண்டான். "அண்ணே, என் டிக்கெட் விஷயத்தை அவுககிட்டக் கேளுங்க. என் மக இப்பத்தான் அப்பான்னு கூப்பிடுது. அவளை விட்டுட்டு என்னால போக முடியாது. அந்த ரயிலைக் கொளுத்தட்டும்னு சொல்லுங்க."

அல்லாபிச்சை அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஜன்னல் வழியாகச் செட்டியார் கத்துவது கேட்டது. "அந்தக் கழுதை அங்கனயே கெடக்கட்டும்யா. இனிமே மெட்ராஸ் பக்கம் தலையக் காட்டுனான், காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

ஞானசேகர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். அல்லாபிச்சை தொண்டையைச் செருமினார்.

"முதலாளி என்ன சொல்றாகன்னா, தங்கள் சேவையில மிகவும் திருப்தி. தாங்கள் பெண்டாட்டி பிள்ளையோட கண்டனூர்லயே சௌக்கியமா இருந்து, காலம் பூரா கம்பெனிக்கு ஒத்தாசையா இருக்கணும்னு ஆசைப்படுறாக."

ஞானசேகருக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு ஒரு புதுத் தாளை எடுத்து, கம்பெனி உத்தரவாக அதைத் தமிழிலேயே கையால் எழுதினான். எழுதிய தாளையும் பினாங்குக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, பூட்ஸ் டக் டக்கென்று ஒலிக்கத் தெருவைத் தாண்டிப் போய் நீட்டினான். செட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தார். உத்தரவை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"இதை நான் சொன்னேனா?"

"ஆமா முதலாளி. இப்பத்தான் சொன்னீக."

செட்டியார் பேனாவைத் திறந்தார். "பரவால்லையே," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்."