தொண்ணூற்றொன்பதில் இருந்த பிரிண்டர்

மூலக்குளத்தில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு நாளாகப் பிரிண்டர் ஓடவில்லை. 2006 ஆடி மாதம். அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளஞ்செழியன் வெள்ளிக்கிழமை காலை போனபோது வாசல் மேசையில் ரிசல்ட்டை அடித்துத் தரும் ஆதிலட்சுமி இல்லை.

"அவள நிறுத்திட்டேன்," என்றார் டாக்டர். "எதையோ அமுக்கி பிரிண்டரக் கெடுத்துட்டா. அப்புறம் ரிசல்ட்ட கையால எழுதறேன்னு ஒருத்தருக்கு சுகர் நூத்திப்பத்த இருநூத்திப்பத்துன்னு போட்டுட்டா. அந்தக் குடும்பமே வந்து சண்ட போட்டுது."

பிரிண்டர் ஒரு சின்னப் பெட்டி வழியாக நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தது. அந்தப் பெட்டிக்கென்று ஓர் எண்முகவரி உண்டு. வாசல் கம்ப்யூட்டரிலிருந்து வழக்கமான முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் சொன்னது பெட்டியல்ல, உள்ளறையில் இருந்த புதுக் கம்ப்யூட்டர். அதைப் போன சனிக்கிழமை மாட்டியவன் அவனேதான்.

ஒன்றிலிருந்து இருநூற்று ஐம்பத்துநான்கு வரை எல்லா முகவரியையும் வரிசையாகக் கூப்பிட வைத்தான். பதில் தந்தவை ஐந்து. பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த நீளமான கருவி எண்ணை, பதில் தந்த ஐந்து கருவிகளின் எண்களோடும் ஒப்பிட்டான். தொண்ணூற்றொன்பது என்று முடிந்த முகவரியில் இருந்ததோடு அது பொருந்தியது.

அப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. புதுக் கம்ப்யூட்டருக்குப் பெட்டியின் முகவரியைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தொண்ணூற்றொன்பதுக்கு மாற்றியிருந்தான். வாசல் கம்ப்யூட்டரிலும் அதை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் தவளக்குப்பத்தில் ஒரு கடையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். திங்கட்கிழமை ஆதிலட்சுமி ஏழு தடவை போன் செய்திருந்தாள். பார்த்தான். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

முகவரியைச் சரிசெய்ததும் காகிதம் வந்தது.

"என்னதான் பண்ணி வச்சிருந்தா?" என்றார் டாக்டர்.

"முகவரி மாறியிருந்துச்சு சார்." யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அன்று மதியம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் முத்தியால்பேட்டையில் அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு போனான். மூடிப்போன மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா, பெயர் அம்மாவாசை, வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஆதிலட்சுமி உள்ளேயிருந்து வந்தாள்.

"அத மாத்துனது நான்தான் ஆதி. நீ ஒண்ணும் கெடுக்கல."

"ஏழு தடவ போன் பண்ணேண்ணா."

"பாத்தேன்."

"பாத்தீங்களா?" அவள் குரல் தாழ்ந்தது. "வெளியூரு போயிருப்பீங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

பம்பைக் கீழே வைத்த அம்மாவாசை, "டாக்டருகிட்ட சொல்லிட்டியா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"இங்க வந்து சொன்னா என்னா ஆவும்? மூணு நாளா நானும் இவள ஏசிக்கிட்டு கெடக்கறேன்." உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அவன் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.

டாக்டரின் அறையில், அம்மாவாசை பக்கத்தில் நிற்க, இளஞ்செழியன் எல்லாவற்றையும் சொன்னான். போனை எடுக்காததையும் சொன்னான். காலையில் வாய் திறக்காமல் போனதைச் சொல்லும்போதுதான் நாக்கு குழறியது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தப் பொண்ணு தப்பா எழுதுனது தப்புதான். ஆனா மெஷினக் கெடுத்துட்டதா எல்லாரு முன்னாடியும் நான் சொன்னது தப்பு." அம்மாவாசையைப் பார்த்து, "திங்கக்கெழம வரச் சொல்லுங்க," என்றார். பிறகு அவனிடம், "நீ இனிமே வராத. வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார்.

அவன் தலையாட்டினான்.

திரும்பும் வழியில் அம்மாவாசை வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"நான் சொல்லிக்கறேன் அவகிட்ட. நீ உள்ள வரவேணாம்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.