தடுப்பதைத் தடுத்தபோது ஓடிய எலி

1.
இபாதான் நகரில் நான் நுண்ணோக்கி பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், போலாதிதோ என்ற மாணவி மத்தியானச் சோற்றைத் தொடாமல் அழுதாள். கதை அங்கிருந்துதான் வந்தது. (அழுகையில் தொடங்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன். வேறு தொடக்கம் பார்க்கிறேன்.)

2.
மூளையில் டோபமின் சுரக்கும் நரம்புகளை முடுக்கிவிட்டால் எலி ஓடும். காபா என்ற பொருள் நரம்புகளை அடக்கும். ஆகவே காபாவைப்போல வேலை செய்யும் மருந்தை அங்கே ஊசியால் செலுத்தினால் எலி...

சுருண்டு படுக்க வேண்டும். போலாதிதோவின் எலி தலைதெறிக்க ஓடியது.

(அவள் விளக்கம்: டோபமின் நரம்புகளை அதட்டி உட்காரவைக்கும் காவல் நரம்புகள் பக்கத்திலேயே உண்டு. மருந்து முதலில் காவலைத் தூங்கவைத்துவிட்டது. பிறகென்ன, ஓட்டம்தான்.)

3.
பேராசிரியர் அடெகோயா ஒப்பவில்லை.

"ஊசி வேற எங்கயோ போயிருக்கும்மா. இந்த எலியக் கணக்குல சேக்காத. கூண்டுல கிடந்து கிழடாகட்டும்."

போலாதிதோ ஊர் வழக்கப்படி முழங்காலிட்டு வணங்கிவிட்டு எதிர்த்துப் பேசினாள். "சரியாத்தான் போச்சு ஐயா."

"அப்போ மூளையச் சீவிக் காட்டு."

ஊசித் தடத்தை உயிரோடு பார்க்க எங்களிடம் வழியில்லை. எலியைக் கொன்று, மூளையை மெல்லிசாகச் சீவி என் நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அந்த எலி இல்லாவிட்டால் அவள் ஆய்வேட்டில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

(சொல்ல மறந்தது: வேலை செய்பவரைக் கண்டால் இந்த ஊர் யொரூபாக்காரர்கள் "ஏ கூ இஷே" என்று வாழ்த்துவார்கள். போலாதிதோ எலிகளுக்கும் அதைச் சொல்வாள், பெரியவர்களுக்குரிய மரியாதையோடு.

"எலி என்ன உன் மாமியாரா?" என்று கேட்டேன்.

"சம்பளமில்லாம உழைக்குது. ஒரு மரியாதைகூட வேணாமா?")

4.
ஒரு முடிவு: யாருக்கும் தெரியாமல் எலியைத் தோட்டத்தில் விட்டு... வேண்டாம். மருந்து செலுத்த மண்டையில் பொருத்திய ஊசிக்குழாயோடு அது எப்படிப் பிழைக்கும்?

இன்னொன்று: சீவினாள், தடம் கச்சிதமாக இருந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். எழுதி முடித்து அடித்துவிட்டேன். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

5.
எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதிர்பார்த்தபடி அது சும்மா படுத்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஓடியதுதான் அதன் குற்றம்.

போலாதிதோ கையுறை மாட்டிக்கொண்டு கூண்டருகே நிற்கிறாள். ஊசி சரியான இடத்தில் இறங்கியது என்பதற்கு இப்போதைக்கு அவள் வார்த்தை மட்டும்தான் சாட்சி. பேராசிரியருக்கு அது போதவில்லை.

உங்களுக்குப் போதுமா? போதும் என்றால் உடனே சொல்லுங்கள், கையுறையைக் கழற்றச் சொல்கிறேன்.