மிதிக்காத காலுக்குக் கூலி

“எந்திரி புள்ள! அந்த ஸ்டூலை வுட்டு எந்திரிங்கறேன்!”

“எந்திரிச்சு எங்க போவட்டும் மொதலாளி?”

“அது எனக்கென்ன தெரியும்? ஒத்தக் கையை வெச்சுக்கிட்டு ரஜாய் தைப்பியா நீ? எடத்தைக் காலி பண்ணு.”

“ரெண்டு கையோடதான் இந்த ஷெட்டுக்குள்ள வந்தா. இன்னொரு கையை யாரு தின்னதுன்னு கேளுங்க!”

கடைசியாகப் பேசியது ஓரத்து மிஷினில் தைக்கிற வீராயி. வீராயி வாயைத் திறந்தால் அரியலூர் ரயிலடி வரைக்கும் கேட்கும். முதலில் கத்தியது ஷெட்டின் முதலாளி உத்திராபதி. நடுவில் ஈனசுவரத்தில் கேட்டவள் இருசம்மாள்.

இன்னும் சரியாக விடியவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். அந்தக் குழாய் இருப்பது உத்திராபதியின் தையல் ஷெட் சுவரை ஒட்டி. அதனால் உள்ளே நடக்கிற எதுவும் எங்கள் தெருவுக்குத் தெரியாமல் போனதில்லை. சங்கதி ருசியாக இருக்கிற நாளில் குடம் நிரம்ப ரொம்ப நேரம் பிடிக்கும். அன்றைக்கு யார் குடமும் நிரம்பவில்லை.

ரஜாய் என்றால் பஞ்சு வைத்த போர்வை; அரியலூர் வெயிலில் அதை எவன் போர்த்திக்கொள்வான்? அங்கே தைப்பதெல்லாம் மலைமேலிருக்கிற ஹாஸ்டல்களுக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் லாரி ஏறுகிற சரக்கு. இரண்டு துணிக்கு நடுவே பெரம்பலூர்ப் பஞ்சைப் பரப்பி, கட்டம் கட்டமாக மிஷினில் ஓட்டவேண்டும். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறக்குமாம்; சாத்தியே வைத்திருப்பார். தகரக் கூரை, சாத்திய ஜன்னல், மடிமேல் ஒரு போர்வையின் கனம். பொழுது சாய்ந்து பெண்கள் வெளியே வரும்போது புருவமெல்லாம் நரைத்து, இருமிக்கொண்டு வருவார்கள். பகலில் கரண்டு அடிக்கடி போய்விடும் என்பதால் இருட்டோடு வேலை தொடங்கிவிடும்.

இருசம்மாளுக்கு நடு மிஷின். அவள் புருஷன் அரியமுத்து சுண்ணாம்புக்கல் குழியில் உழைத்து நெஞ்சு முழுக்கத் தூசியை வாங்கிக்கொண்டு பாயில் படுத்தவன். அந்த ஸ்டூல் போனால் அவளும் அதே குழிக்குத்தான் போகவேண்டும், கட்டுப்போட்ட கையோடு. அவளுக்கு வேறு வழியில்லை என்று உத்திராபதிக்கும் தெரியும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம்: கேட்காதவர்களுக்கும் தொழில் சொல்லிக்கொடுப்பாள். கோடு போடச் சாக்பீஸ் எதற்கு, தேய்ந்த சோப்புத் துண்டு போதும், துவைத்தால் போய்விடும். கைத்தையலில் ஊசி இறங்க மறுத்தால் தலைமுடியில் ஒரு இழுப்பு இழு. மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதே, பிசினாக ஒட்டிக்கொள்ளும். பஞ்சுப் போர்வையை எப்போதும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் தைத்துப் போ. ஓரத்தில் தொடங்கினால் பஞ்சு முழுக்க ஒரு மூலைக்கு ஓடிவிடும். குடத்தோடு நிற்கிற எனக்கு இதெல்லாம் எதற்கு? இருந்தாலும் கேட்டுவைத்தேன்.

உத்திராபதியின் புத்திசாலித்தனத்தையும் சொல்லவேண்டும். அடிநூல் உருளையை வைக்கிற குட்டி இரும்புக் கூடுக்குப் பாபின் கேஸ் என்று பெயர். உள்ளங்கையில் ஒளித்துவிடலாம். ஆனால் மிஷின் வயிற்றுக்குள் அது இல்லையென்றால் ஊசி சும்மா குத்திக்கொண்டிருக்கும், தையல் விழாது. அது அடிக்கடி தொலைகிறதென்று அவர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் ஊசி, கத்திரி, பாபின் கேஸ் எல்லாம் அவரவர் சொந்தமாக வாங்கிவர வேண்டும், அவரவரே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். மனுஷன் எப்படி மிச்சம் பிடிக்கிறான் பார் என்று தெருவே வியந்தது. பெண்கள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்வந்தார்கள்.

போன பங்குனியில் மிதி மிஷின்களுக்கெல்லாம் மோட்டார் மாட்டினார். கையோடு கூலியையும் குறைத்தார்.

“ஏன் மொதலாளி கொறைச்சீங்க?” என்று வீராயி கேட்டாள்.

“மிதிக்கிற வேலையை மோட்டார் பாத்துக்குது. மிதிக்காத காலுக்கு நான் ஏன் கூலி குடுக்கணும்?”

கேட்க நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனால் மிதி மிஷினில் காலை அசைக்காமல் வைத்தால் மிஷின் நிற்கும். மோட்டார் மிஷினிலோ காலை அப்படியே வைத்தால் ஓடும், தூக்கினால்தான் நிற்கும். வருஷக்கணக்கில் பழகிய காலுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

ஒருநாள் பஞ்சுமுடிச்சு ஊசிக்கடியில் சிக்கியது. இருசம்மாள் பழைய நினைப்பில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, முடிச்சை எடுக்க விரலை நீட்டினாள். ஊசி நகத்தைத் துளைத்து, எலும்பில் முட்டி, உள்ளேயே உடைந்தது. அவள் போட்ட சத்தத்தில் என் குடம் கைநழுவியது. “வெள்ளைத் துணிடி, ரத்தம் படாம பாத்துக்க” என்றார் உத்திராபதி. மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். சீழ் பிடித்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். புண் ஆறுமுன்னே ஓடிவந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் அன்றைய சண்டை.

வாசலில் அம்சவள்ளி நின்றிருந்தாள். வேம்புவின் மகள், பக்கத்துத் தெரு. இருசம்மாள் இடத்துக்கு உத்திராபதி வரச்சொல்லியிருந்த பெண். வேம்பு முட்டையிடுகிற கோழிகளை விற்று மகளுக்கு ஒரு பாபின் கேஸ் வாங்கிக்கொடுத்திருந்தாள். எங்களிடம் பத்து தடவை சொன்னாள்.

“நீ வா புள்ள, உக்காரு. இது கவனமில்லாத பொம்பளை, எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டுக் கையை வுட்டுடுச்சு” என்றார் உத்திராபதி.

“வாடியம்மா மகராசி,” என்றாள் வீராயி. “சூடு ஆறாத ஸ்டூலு, சொகமா இருக்கும்.”

அம்சவள்ளி தலையை நிமிர்த்தவில்லை. “எங்க வூட்லயும் அடுப்பு எரியணும்ல, யக்கா” என்றாள்.

வீராயி தன் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருசம்மாள்தான் எழுந்தாள். எழும்போதே இடது கையால் மிஷினுக்கடியில் துழாவி, தன் பாபின் கேஸைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சவள்ளி உட்கார்ந்தாள். வீட்டில் பழகியது மிதி மிஷின். ஊசிக்கு நூல் கோத்தாள். ஊசிக்கடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட விரலைக் கொண்டுபோனாள். கொண்டுபோகும்போதே, மிஷின் நிற்கட்டும் என்று இரண்டு பாதத்தையும் அழுத்தமாக ஊன்றினாள்.

மிஷின் பாய்ந்தது.

“காலைத் தூக்குடி! காலைத் தூக்கு!” இருசம்மாள் தரையிலிருந்து அலறினாள்.

அம்சவள்ளி கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் தோல் மட்டும் கீறியிருந்தது. ஊசி வெறும் காற்றைக் குத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குக் காலைத் தூக்கவேண்டுமென்று அப்புறமும் தோன்றவில்லை. துணி வெட்டுகிற பிச்சைமுத்து ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தான்.

“இதுவும் பராக்குப் பாத்துச்சா மொதலாளி?” என்றாள் வீராயி. இந்தமுறை குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“புதுசு... போகப்போகப் பழகிடும்.”

“எந்த வெரலு போனதுக்கப்புறம் பழகும்? அதையும் நீங்களே சொல்லிடுங்க.”

அம்சவள்ளி எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எண்ணெய்கூடப் படாத புது பாபின் கேஸ். எடுத்துக்கொண்டுபோய் இருசம்மாள் மடியில் வைத்தாள்.

“எங்கம்மா என்னைக் கொல்லப்போவுது,” என்றாள். “இருந்தாலும் நீங்களே வெச்சுக்கங்க அக்கா. நீங்க உக்காராத மிஷின்ல நான் உக்கார மாட்டேன்.”

நடு மிஷினுக்கு அடுத்த மிஷினில் ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அப்புறம் அதற்கடுத்ததில். ஒவ்வொருத்தியாகக் குனிந்து தன் பாபின் கேஸைக் கழற்றினாள். நடுவில் தொடங்கிய சத்தம் இரண்டு ஓரத்துக்கும் போயிற்று. வீராயி தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டபோது இருசம்மாளின் மடி கனத்துத் தொங்கியது. கட்டுப்போட்ட கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்; அப்போதுதான் அழுதாள்.

“என் சொத்துடி அதெல்லாம்! வெச்சுட்டுப் போங்க!” என்று கத்தினார் உத்திராபதி.

“மிஷினு ஒங்க சொத்து. இது எங்களுது. நீங்க போட்ட சட்டம்தான்” என்றாள் வீராயி. “ஊசியில விரல் படாம மறைப்பு வைங்க. குறைச்ச கூலியைப் பழையபடி குடுங்க. இவளை இவ எடத்துல உக்காரவைங்க. உடனே மாட்டித் தர்றோம்.”

“பெரம்பலூர்லேருந்து ஆள் எறக்குவேன். உங்க வூட்டு அடுப்புல பூனை படுக்கும், பாத்துக்கங்க!”

“இப்ப மட்டும் என்ன படுக்குதாம்? எலியே வர்றதில்லை.”

பிச்சைமுத்து பெரிய கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி முகத்தையும் பெண்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கத்திரியை மேஜைமேல் வைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் வெளியே வந்தான். அம்சவள்ளி அவனைத் திரும்பிப் பார்த்தாள். என் கண்ணுக்கு அது தப்பவில்லை.

உத்திராபதி ஷெட்டைப் பூட்டினார். அவர்கள் எதிரேயிருக்கிற புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். அதே மரத்தடியில் கிழிசல் தைக்கிறார்கள், பழம்புடவைகளை அடுக்கிப் போர்வை தைத்துச் சந்தையில் விற்கிறார்கள்; பாதி நாள் கஞ்சிதான். லேபர் ஆபீசில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றும் முடியவில்லை. அரியமுத்து ஆவணியில் போய்ச்சேர்ந்தான். மரத்தடியில் தைத்த போர்வையைத்தான் மேலே போர்த்தினார்கள். இருசம்மாள் குழிக்குப் போகவில்லை. பாபின் கேஸ்களையெல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். உத்திராபதி தெருவில் போனால் வீராயி அதை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்குவாள். அவர் இப்போதெல்லாம் சுற்றுவழியில் போகிறார்.

தை பிறந்ததும் அம்சவள்ளிக்கும் பிச்சைமுத்துவுக்கும் கல்யாணம். நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். வேம்பு கோழியை நினைத்துக் கொஞ்சம் முணுமுணுத்தாள், பிறகு குலவையிட்டாள். அவர்கள் பெரம்பலூருக்குக் குடிபோனார்கள். போன இடம்தான் வேடிக்கை: உத்திராபதி ஆள் பிடிக்க அலைகிற அதே தையல்காரத் தெரு. வீடுவீடாகப் போய், மோட்டார் மிஷினில் காலை எங்கே வைப்பாய் என்று கேட்டு, கீறிய விரலைக் காட்டுகிறாளாம்.

போன வாரம் பெரம்பலூர் பஸ் கண்டக்டர் கையில் ஒரு துணிமுடிப்பு வந்தது. இருசம்மாள் அவிழ்த்தாள். பெரம்பலூர்ப் பெண்களின் பாபின் கேஸ்கள். அந்த டப்பா இப்போது மூடமாட்டேன் என்கிறது.