நேற்றைய காரணம் ரத்து

காலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, வாட்ச் ரிப்பேர்காரர் தம் மனைவியின் முன்னால் கைகட்டி நின்றார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. பணிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கையைக் கட்டிக்கொள்ளாவிட்டால் அவள் விரல்களைப் பிடித்துத் தாமே கையெழுத்தைப் போட வைத்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

மேசைமேல் இருந்தது சம்மதப் படிவம். ஒரே பிள்ளை உள்ள வீட்டில், போருக்கான காரணத்தைத் தாயும் தகப்பனும் படித்து, ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டால்தான் அந்தப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு எடுக்கலாம் என்று சட்டம். அரசாங்கம் மனமிரங்கிச் செய்த ஏற்பாடு அது. தகப்பன் படிக்காமலே கையெழுத்துப் போட்டாயிற்று. பிள்ளையை அனுப்பிவிட்ட எதிர்வீட்டு பம்ப் மெக்கானிக்கின் கதவில் 'நாட்டுக்குத் தந்த வீடு' என்ற தகரப் பலகை ஏறிப் பத்து நாளாகிறது. அன்றிலிருந்து அந்த மனுஷன் இவரைப் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறான். இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

பிள்ளை மேசையின் மறுகோடியில் ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான். இருபத்தொரு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவன் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது அம்மாவா, அலமாரியா என்று தெரியாது. மருத்துவச் சோதனையில் அதை அவன் சொல்லத்தான் செய்தான். எதிரி பெரிய நாடு, கண்ணில் படாமல் போகாது என்று டாக்டர் முத்திரை குத்திவிட்டார்.

அவள் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். 'காரணம்' என்ற கட்டத்தில், எதிரி நாடு எல்லைக் கல்லை மூன்று முழம் நகர்த்திவிட்டது என்று அச்சடித்திருந்தது.

"இது திங்கட்கிழமைக் காரணங்க," என்றாள். "நேத்து காலையிலேயே மாறிடுச்சே."

"மாறினா என்ன? சண்டை அதே சண்டைதானே."

"வண்டியும் அதே வண்டிதான். பிளாட்பாரம் மாறினா சொல்லாம இருக்கோமா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அவளுக்கு வேலை ரயில் நிலையத்தில். மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு ஜன்னல். பத்தொன்பது வருஷமாக அந்த ஊரில் எந்த வண்டி வருகிறது, எது போகிறது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வந்தது. முகத்தைத் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். சுமை தூக்குகிறவர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை அவளுக்குக் 'குரலம்மா' என்றுதான் பெயர். அவள் சொன்னால் ஜனங்கள் எழுந்து நடப்பார்கள், உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். கட்டின புருஷனுக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவில்லை.

போர் அவள் மைக்குக்கு வந்தது ஒரு சுற்றறிக்கையின் வழியாக. போருக்கான காரணத்தை மணிக்கு ஒரு தடவை, வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. திங்கட்கிழமை எல்லைக் கல்லை வாசித்தாள். செவ்வாய்க்கிழமை வேறு சீட்டு வந்தது. எதிரி நாட்டில் ராட்சத பீரங்கி ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறதாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, விதிப்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்தாள். ஓர் அறிவிப்பு மாறினால் முதலில் பழையதை ரத்து செய்ய வேண்டும், அடுத்துப் புதியதைச் சொல்ல வேண்டும், கடைசியில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் அவளுக்குத் துளிக்கூட குறும்பு கிடையாது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நேற்று அறிவிக்கப்பட்ட எல்லைக் கல் காரணம் ரத்து செய்யப்படுகிறது. அதற்குப் பதிலாக, பீரங்கி காரணமாகப் போர் நடைபெறும். பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

நடைமேடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவதாக ஒரு பெண், கையில் துணிப்பையோடு, விசாரணை ஜன்னலுக்குப் போனாள். அவள் தம்பி முந்தின நாள்தான் எல்லைக் கல்லுக்காகப் போனானாம். அந்தக் காரணம் ரத்தாகிவிட்டதால் அவன் எந்த வண்டியில் திரும்பி வருவான் என்று கேட்டாள். குமாஸ்தா கால அட்டவணையை முன்னும் பின்னும் புரட்டினார். அந்தப் பெண் மதியம் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மாடி ஜன்னலிலிருந்து குரலம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது இன்னதென்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

வாட்ச் ரிப்பேர்காரர் சளைக்கவில்லை. பீரங்கி போட்ட புதுப் படிவத்தை வரிசையில் நின்று வாங்கி வந்தார். அதற்குள் பீரங்கி, பிஸ்கட் தொழிற்சாலையின் புகைபோக்கி என்று தெரிந்துபோயிற்று. அந்தப் பிஸ்கட்டைத்தான் இந்த ஊர்க் கடைகளிலும் விற்கிறார்கள். உடனே மூன்றாவது காரணம் பிறந்தது. எதிரி நாட்டு ஜனங்களை அவர்களுடைய கெட்ட அரசாங்கத்திடமிருந்து காப்பாற்றப் போகிறோமாம். காப்பாற்றச் சொல்லி அவர்கள் கேட்டார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. அதற்குள் அவர்கள் கூரைகள்மேல் நம்முடைய குண்டுகள் விழத் தொடங்கியிருந்தன. மூன்றாவது படிவத்தோடு அவர் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான்காவது வந்துவிட்டது. ஏற்கெனவே போரைத் தொடங்கிவிட்டபடியால் போர் அவசியமாகிறது என்று அதில் எழுதியிருந்தது.

ஒவ்வொன்றையும் அவள் முறைப்படி ரத்து செய்து, முறைப்படி வருந்தினாள். ஒரே பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு அது போதுமாயிருந்தது. காலையில் படிவமும் கையுமாக விசாரணை ஜன்னலில் நின்றார்கள். இது இன்றைக்குச் செல்லுமா, இல்லை மாறிவிட்டதா என்று கேட்டுவிட்டு, மாறிவிட்டது என்றதும் முகம் மலர்ந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் ஊரிலிருந்து ஒரு ஒற்றைப் பிள்ளைகூடப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஆள்சேர்ப்பு அதிகாரி நேரிலேயே வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் மாடியேறினார். அதற்குப் பழுப்பு அட்டை போட்டு வைத்ததே அவர்தான்.

"நேத்து சொன்னதை இன்னிக்கு ஞாபகப்படுத்தக் கூடாதும்மா," என்றார் அதிகாரி. "ஜனங்க குழம்பிப் போயிடுவாங்க."

"ஞாபகப்படுத்தலைன்னாதான் சார் குழம்புவாங்க. பழைய பிளாட்பாரத்துலயே நின்னுக்கிட்டிருப்பாங்க."

அதிகாரி மாஸ்டரைப் பார்த்தார். விதி அப்படித்தான் இருக்கிறது என்று மாஸ்டர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அரசாங்கத்துக்கு மூளை இல்லாமல் போகுமா? ஒரே ராத்திரியில் ஐந்தாவது படிவம் தயாராயிற்று. அதில் காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. எழுதினால்தானே மாறும். வாட்ச் ரிப்பேர்காரர் அதைப் பார்த்து, இனி இவள் என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்று பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டி. தாய்மார்கள் எப்படியும் போட்டுவிடுவார்கள் என்ற தைரியத்தில் பிள்ளைகளை முன்கூட்டியே பெட்டிகளில் ஏற்றியிருந்தார்கள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அதிகாரியும் அவள் கணவரும் படிவத்தோடு மேலே வந்தார்கள். மாஸ்டர் வாசலோடு நின்றுகொண்டார்.

"நீ போட்டாத்தான் போடுவோம்னு கீழ எல்லாரும் நிக்கிறாங்க," என்றார் கணவர். "என் மானத்தை வாங்காத."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். மூன்றாவது பெட்டியில் அவள் பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவனுக்கு உலகமே புகைமூட்டம்தான். ஒரு குண்டு வந்தாலும் அது என்னவென்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பான். வீட்டில் அவனைக் கேட்டபோது, போகவும் தோன்றவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் தெரியவில்லை என்றான். அவளுக்கு மட்டும் தெரியுமா? மாட்டேன் என்ற சொல்லை அந்த வீட்டில் யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள்?

படிவத்தை வாங்கிப் படித்தாள்.

"காரணம் எங்க சார்?"

"வரும்மா. மேலிடத்திலிருந்து வந்துக்கிட்டிருக்கு."

"எப்ப வரும்?"

"அதைச் சொல்ல முடியாது. நீங்க கையெழுத்தைப் போடுங்க, வந்ததும் நாங்களே நிரப்பிக்கிறோம்."

அவள் தலையசைத்தாள். ஒன்று வரவேண்டும், ஆனால் வரும் நேரம் தெரியாது என்றால் என்ன செய்வதென்று அவளுக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். அவள் மைக்கை இழுத்ததும் புறப்பாட்டைத்தான் அறிவிக்கப் போகிறாள் என்று அதிகாரி நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினாள். வழக்கமான அதே குரல்தான் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இரண்டாவது நடைமேடையிலிருந்து பதினொரு மணிக்குப் புறப்பட வேண்டிய பட்டாள வண்டிக்கான காரணம் இன்னும் வந்து சேரவில்லை. அது வந்து சேரும் நேரம் தெரியவில்லை. வந்து சேர்ந்தால் அறிவிக்கப்படும். அதுவரை பயணிகள் வண்டியிலிருந்து இறங்கிக் காத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

சிரமத்திற்கு வருந்துகிறோம் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் மீறிய ஒரே விதி அது.

இரண்டாவது நடைமேடையில் கதவுகள் திறந்தன. முதலில் ஒருவன் பெட்டியை இறக்கி வைத்தான். பின்னாலேயே ஐந்தாறு பேர், அப்புறம் எல்லாரும். யாரும் கோஷம் போடவில்லை, சண்டை போடவில்லை. வண்டி தாமதம் என்றால் இறங்குவது அவர்களுக்குப் பால்குடி நாளிலிருந்து பழக்கம். தாய்மார்கள் படிவங்களை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரி எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஏறுங்கள், ஏறுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். கீழே ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மைக்கை வாங்கி அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி மாஸ்டருக்கு உத்தரவு போட்டார். மாஸ்டர் சரி என்றார். அதற்கு மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுக்க வேண்டும், தாள் கீழே இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அதிகாரியும் அவர் பின்னாலேயே ஓடினார்.

அறையில் கணவனும் மனைவியும் மட்டும் நின்றார்கள். அவர் ஜன்னலோரம் போனார். பிள்ளை ஒரு காலால் நடைமேடையைத் துழாவித் தேடி, இறங்கி, யாரோ ஒரு அம்மாள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்காருவதைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த படிவத்தை எடுத்தார். கட்டம் வெறுமையாக இருந்தது. அதன் கீழே அவர் பெயர், சுழித்துச் சுழித்து அழகாகப் போட்ட கையெழுத்து.

"நான் எதுக்கு இதுல கையெழுத்துப் போட்டேன்?" என்று கேட்டார்.

"அது இன்னும் வரலைங்க," என்றாள் அவள்.