பியாட்றிஸ் அன்ரி பார்த்த கல்யாணம்

மானிப்பாயில் எங்கள் சபையின் கணினி நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான்தான், ரேச்சல். பத்துப் பன்னிரண்டு பழைய கணினிகள், ஒரு நோஞ்சான் இணைய லைன். ஒருவர் வீடியோ பார்த்தால் ஓடும், மூன்றாமவர் தொடங்கினால் எல்லாருக்கும் நின்றுவிடும். அந்த லைனிலும் பாதியை விளம்பரம் தின்றுகொண்டிருந்தது. என்ன விளம்பரம் என்று நினைக்கிறீர்கள்? தமிழில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'மணமகள் தேவை, மணமகன் தேவை'. எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சனம் கேட்கிற கேள்வி காணாதென்று கணினியும் கேட்க வேண்டுமா?

வந்த ஆத்திரத்தில் ஒரு புறொக்சியைப் பூட்டினேன். வேறொன்றுமில்லை, இடையில் நிற்கிற ஒரு கணினிதான். நாங்கள் கேட்பதை அதுவே வெளியே போய் வாங்கிவரும், விளம்பரத்தைக் கழித்து எறியும், வாங்கியதைத் தன்னிடம் வைத்திருந்து அடுத்தவர் கேட்டால் அதையே எடுத்துக் கொடுக்கும். வீட்டுக்கு வீடு சந்தைக்கு ஓடாமல் ஒழுங்கைத் தெருவுக்கு ஒராள் போய் எல்லாருக்கும் மரக்கறி வாங்கி வருகிற மாதிரி. அப்படி எடுத்து வைப்பதைத்தான் கேஷ் என்பார்கள். லைன் மிச்சப்படட்டும் என்று, வாங்கியதையெல்லாம் ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும்படி போட்டுவிட்டேன்.

“வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டுறாய்” என்றார் கிளரன்ஸ் அங்கிள். அவர் சபைச் செயலாளர். அவருக்குக் கணினிப் பெட்டி என்றால் பயம், என் வாய் என்றால் அதைவிடப் பயம்.

அந்த நேரம்தான் பியாட்றிஸ் அன்ரி வந்தார். புருஷன் இல்லாத மனுசி, ஒரே மகன் ஜெனுஷன். அவனுக்கு லண்டனில் கல்யாணம். அன்ரிக்கு விசா மறுத்துவிட்டார்கள். கல்யாணத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டப்போகிறார்களாம்.

“ஃபோனிலை பாக்கலாமே அன்ரி?”

“வீட்டுக்குள்ளை தனிய இருந்து ஃபோனைப் பாக்க அதென்ன செத்தவீடோ? கலியாணம் எண்டால் சனம் வேணும். சபைச் சனம் எல்லாத்தையும் கூப்பிட்டிட்டன். பிள்ளை, அவன் தாலி கட்டுறதை நான் பாக்கவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

எங்களிடம் புரொஜெக்டர் இல்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் காட்டினால்தான் அத்தனை சனமும் பார்க்கலாம். புறொக்சி இல்லாமல் அது நடவாத காரியம். “என்ரை பொறுப்பு அன்ரி” என்று நெஞ்சில் தட்டிச் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் லண்டன்காரர் அனுப்பிய இணைப்பைத் திறந்தேன். வெள்ளைத் திரை. நடுவில் நானே எழுதிவைத்த வாசகம்: 'குப்பை தடுக்கப்பட்டது.' மாப்பிள்ளை தேடுகிற விளம்பரங்களில் இருந்த எரிச்சலில், கல்யாணம் என்ற சொல் வரும் முகவரி எல்லாவற்றையும் தடுத்துவைத்திருந்தேனே! கல்யாணமே உள்ளே வர முடியாமல் வாசலில் நிற்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த இணைப்புக்கு மட்டும் வழிவிட்டேன், லண்டன் தேவாலயத்தின் வாசல் படம் வந்தது. இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்று போய் முழுகிச் சேலை கட்டினேன்.

மத்தியானம் சாய, நிலையத்தில் சனம் நிரம்பிவிட்டது. றோல்ஸ், கேக், குழந்தைகள், பட்டுச்சேலைகள். பியாட்றிஸ் அன்ரி மாப்பிள்ளையின் தாய்க்குரிய சேலையோடு முன்வரிசையில். திரைகளில் ஜெனுஷன் தோன்றினான். கைதட்டல்! அவன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான், வாசலைப் பார்த்தான், அப்படியே நின்றான். எல்லாத் திரைகளிலும் ஒன்றுபோல் நின்றான்.

மறுபடி திறந்தேன். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான், வாசலைப் பார்த்தான், நின்றான்.

“பொம்பிளை இன்னும் வரேல்லையோ?” என்றது ஒரு குரல்.

“பெட்டியைக் கழட்டு பிள்ளை!” கிளரன்ஸ் அங்கிள் வயரில் கை வைத்துவிட்டார். “நேர லைனிலை பாப்பம்!”

“கையை எடுங்கோ அங்கிள்! நேர லைனிலை விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது!”

கத்திவிட்டேன். பியாட்றிஸ் அன்ரி எழுந்து என்னருகே வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. “பிள்ளை, அங்கை கட்டி முடிச்சிடுவாங்களோ?” என்றார்.

மூன்றாம் தரம் திறந்தேன். அதே கை, அதே கழுத்துப்பட்டி. எந்த மனுசனும் அச்சுப் பிசகாமல் மூன்று தரம் கழுத்துப்பட்டியைத் தொடமாட்டான். இது இப்போது நடப்பதல்ல, எடுத்துவைத்த பழையது!

அட மடைச்சி, என்று என்னையே திட்டினேன். நேரடிக் காட்சி முழுசாக வருவதில்லை. துண்டு துண்டாக வரும். அடுத்து எந்தத் துண்டு என்று சொல்ல ஒரு சின்ன அட்டவணையும் கூடவே வரும். துண்டு மாறாது, அதை எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம். அட்டவணையோ சில விநாடிக்கு ஒருமுறை மாறும். நானோ எல்லாவற்றையும் ஒரு நாள் வைத்திரு என்று சொல்லியிருக்கிறேன். அது சொல்வழி கேட்டு, பழைய அட்டவணையையே எல்லாருக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வரி எழுதினேன்: அட்டவணையை வைக்காதே, ஒவ்வொரு முறையும் போய்ப் புதிதாக வாங்கு. துண்டுகளை மட்டும் வை. பழைய வைப்பை அழித்தேன். புறொக்சியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன்.

திரைகள் கறுத்தன. ஒரு குழந்தை அழுதது.

பிறகு ஓர்கன் இசை வந்தது, எல்லாக் கணினிகளிலிருந்தும் ஒன்றாக! வாசலில் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் வலை முக்காடு போட்டு, மணப்பெண் அபிகாயில் தகப்பனின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தாள். பொம்பிளை பிந்தித்தான் வந்திருக்கிறாள். ஆண்டவரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்!

“வந்திட்டாள்! வந்திட்டாள்!” என்று கிளரன்ஸ் அங்கிள்தான் முதலில் துள்ளினார். நான் லைனின் அளவைப் பார்த்தேன். ஒராள் பார்க்கிற அளவுதான் வெளியே போய் வந்தது, பார்த்ததோ மொத்தச் சபையும். இடையில் ஒரு விளம்பரமும் தலைகாட்டவில்லை. 'மணமகன் தேவை' வரவில்லை, வந்திருந்தால் கணினியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

ஜெபம் முடிந்தது. போதகர் தாலியை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிய ஜெனுஷனின் விரல்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஒரு திரையும் திக்கவில்லை. கட்டினான்! மானிப்பாயில் கூரை பறக்கக் கைதட்டினோம். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

அவன் நிமிர்ந்தான். பொம்பிளையைப் பார்க்கவில்லை, போதகரைப் பார்க்கவில்லை. கமராவைத் தேடி நேரே பார்த்தான்.

“அம்மா, பாத்தனீங்களோ?”

பியாட்றிஸ் அன்ரி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். லண்டன் வரைக்கும் கேட்கட்டும் என்பதுபோல் கத்தினார்:

“பாத்தன் ராசா! வடிவாப் பாத்தன்!”