சிவப்பு இல்லாத திரை

ஐந்து வருடத்துக்கு மேல் இழுக்கும் வழக்குகள் கணினியில் சிவப்பாகத் தெரியும். அதே சிவப்பு மேலிடத்திலும் தெரியும் என்பதால், நீதிமன்ற எழுத்தருக்கு மாதக் கடைசியில் சோறு இறங்காது.

தலைமை எழுத்தர்தான் வழி சொன்னார். நாற்காலியை விட்டு எழவே அரைமணி பிடிக்கும் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் மின்னல்.

“பழைய நம்பரை முடிச்சிரு. அதே கேஸை இன்னைக்கே புது நம்பர்ல ஏத்து. வயசு குறைஞ்சிரும்.”

“எனக்கும் அப்படி ஒரு பட்டன் இருந்தா தேவலை, அண்ணே.”

“உனக்குப் பொண்ணு பாக்கறப்ப அமுக்கலாம். இப்ப வேலையப் பாரு.”

எழுத்தருக்கு உள்ளே உறுத்தியது. நீதிபதியே தலையாட்டிவிட்டார், நமக்கென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மதியத்துக்குள் சிவப்பை முழுக்கத் துடைத்தார்.

அதில் தையல்கார அம்மாவின் வீட்டு வழக்கும் ஒன்று. அண்ணன் அவளை வெளியேற்றக் கூடாது என்ற தடையுத்தரவு பழைய எண்ணில்தான் இருந்தது. எண் முடிந்ததும் தடையும் முடிந்தது. யாரும் சொல்லாமலே கணினி அண்ணனின் வக்கீலுக்குச் செய்தி அனுப்பியது. அந்த வேலையில் மட்டும் அதற்குத் தாமதமே கிடையாது.

அடுத்த வாரம் அவள் மூச்சிரைக்க வந்து நின்றாள். காலில் செருப்பில்லை.

“தம்பி, பூட்டை உடைச்சு சாமானெல்லாம் தெருவுல வீசிட்டான். என் மிஷின் மழையில நனையுது. நான் தோத்துட்டேனா?”

“இல்லக்கா.”

“அப்ப ஜெயிச்சுட்டேனா?”

“கேஸ் இன்னும் நடக்குதுக்கா.”

“நடக்குறப்பவே வீட்டை எப்படிப்பா எடுப்பான்?”

மின்னல் சட்டென்று ஒரு கோப்பைத் திறந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார். எழுத்தர் புதிய எண்ணைத் தட்டிப் பார்த்தார். புது வழக்கு என்பதால் வரிசையில் கடைசி இடம்.

“திரும்பத் தடை கேட்டு மனு போடணும். அடுத்த வருஷம்தான் தேதி காட்டுதுக்கா.”

“ஆறு வருஷமா அலையறவ நான். எனக்கு முன்னாடி யாரு?”

“இதுல உங்க கேஸ் போன வாரம்தான் வந்திருக்கு.”

“யாருப்பா இப்படிப் பண்ணது?”

எழுத்தர் திரையைக் கைகாட்டினார். “கம்ப்யூட்டர்தான்க்கா” என்றார்.

அவள் நம்பிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.