சருகைக் கூட்டாதீர்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிற அவளுக்கு, வீட்டின் பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண் இருந்தது. பக்கத்து மாடிக் கட்டடமும் ஒரு கிழட்டு மரமும் சேர்ந்து அதில் வெயிலே விழாமல் பார்த்துக்கொண்டன. ரோஜா வைத்தாள், கருகிற்று. கத்தரி வைத்தாள், காய்க்கவேயில்லை. கடைசியில் நர்சரிக்காரர் ஒரு பொட்டலம் விதை கொடுத்தார்.

"நம்ம காட்டுல மரத்தடியில தானா வர்ற நீலப்பூ. வெயில் கேக்காது. விழுற சருகை மட்டும் கூட்டிடாதீங்க, அதுதான் இதுக்குப் போர்வை. பூக்க மூணு நாலு வருஷம் ஆகும். அவசரப்படக் கூடாது."

"அவசரப்படத் தெம்பு எங்க இருக்கு," என்று வாங்கி வந்தாள்.

முதல் வருஷம் புல் மாதிரி ஒற்றை இலை. மறுவருஷம் இரண்டு. நாள் முழுக்க ஈர விரிப்புகளைத் தூக்கிய கையோடு வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்ப்பாள். தன்னிடம் எதுவும் கேட்காத ஒரு ஜீவன் வீட்டில் இருப்பதே நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் வருஷம், வேலை போன அண்ணன் வந்து தங்கினான். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவனுக்குக் கூச்சம். ஒரு சாயங்காலம் அவள் திரும்பியபோது பின்பக்கம் வழித்துவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தது.

"குப்பைக்காடா கிடந்துச்சு. புல்லையெல்லாம் வேரோட பிடுங்கிட்டேன்," என்றான் பெருமையாக.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். அவன் மூன்று தடவை என்னவென்று கேட்டான்.

"அது புல்லு இல்லண்ணே. மூணு வருஷமா வளர்த்தது."

அவன் உடனே வெளியே போனான். பிடுங்கியதைக் கட்டிப் போட்ட சாக்கைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தபோது சட்டையெல்லாம் நாற்றம். இருவருமாகத் தரையில் பேப்பரை விரித்துத் துழாவினார்கள். அந்த இலைகளின் அடியில் விளைந்த, பட்டாணி அளவிலான பதினொரு கிழங்குகள் கிடைத்தன. அவற்றைப் புதைத்து, சருகை மேலே கொட்டினார்கள்.

"திட்டித் தீர்த்துடு. மனசுல வெச்சுக்காத."

"நாளைக்குத் திட்டுறேன். இன்னிக்கு முடியல."

மறுநாளும் முடியவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று.

அடுத்த வருஷம் ஐந்து முளைத்து, ஒன்று மட்டும் பூத்தது. அதற்குள் அண்ணன் வேறு ஊரில் காவல் வேலைக்குப் போயிருந்தான். போன் செய்து சொன்னாள்.

"எப்படி இருக்கு?"

"சின்னதா இருக்கு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்றாள். போனை வைத்த பிறகும், இடுப்பு வலியோடு, கொஞ்ச நேரம் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.